வலிக்கு ஒன்பது மார்க்

ஈசா டவுன், பஹ்ரைன்
21 பிப்ரவரி 2025, வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் அக்ஸாவும் சுகம். அவளுக்கு முன்பல் ஆடுகிறது, பிடுங்க விடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு திரிகிறாள். சவூதியில், உங்கள் யான்பு பக்கம் காற்றும் தூசியும் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன், முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். இனி நேரே குஸ்திக்கு வருகிறேன்.

குரோகிக்கும் ஹயாசேக்கும் ஒசாகாவில் நடந்த ஆட்டத்தை இரண்டு தடவை பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்து ஒரு தடவை, இன்று காலை மீன்குழம்பு கொதிக்கிற நேரத்தில் இன்னொரு தடவை. "இதுக்கு ஒம்பதுக்குக் கீழ போட்டா நீ எனக்கப் பெண்டாட்டியே இல்ல" என்று போனில் சொன்னீர்கள். என் மார்க் ஆறரை. வேறு பெண்டாட்டி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹயாசே தரையில் படுத்துக்கொண்டே எதிராளியின் மணிக்கட்டைத் தேடுகிற அழகு, குரோகி ஒவ்வொரு உதைக்கும் முன்னால் இடுப்பைத் திருப்புகிற சுத்தம், எல்லாம் முதல்தரம். கெட்டுப்போவது பதினோராம் நிமிடத்தில். குரோகியின் கையில் இன்னும் மூன்று புள்ளி இருக்கிறது. முட்டிப் பூட்டில் மாட்டிக்கொள்கிறார். கயிறு கைக்கெட்டும் தூரத்தில். அதைத் தொட்டால் நடுவர் விடுவிப்பார், ஒரு புள்ளி போகும், அவ்வளவுதான். மனிதர் தொடவில்லை. நாற்பது விநாடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். பிறகு எழுந்து, அதே காலால் உதைக்கிறார்.

எலும்பு வார்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் சொல்கிறேன். அந்தப் பூட்டில் நாற்பது விநாடி கிடந்தவன் அந்தக் காலை ஊன்றவே மாட்டான். அடிபட்டவனின் கை தானாக அடிபட்ட இடத்துக்குப் போகும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குரோகியின் கை போகவில்லை. நீங்கள் சொன்ன ஒன்பதில் அங்கே இரண்டரை மார்க் குறைத்தேன்.

என்னோடு வேலை பார்க்கிற தன்யா நேற்று கேட்டாள், யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்களே, அதில் விமர்சனம் பண்ண என்ன இருக்கிறது என்று. மற்ற குஸ்தி ஷோக்களில் கயிற்றில் ஓடுவதும் மூலையில் ஏறிக் குதிப்பதும் உண்டு, இந்த ஜப்பான்காரர்கள் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நிஜச் சண்டை எப்படி இருக்குமோ அப்படியே ஆடுகிறார்கள் என்றேன். உதை நிஜமாக விழும், பூட்டு நிஜமாக இறுகும், முடிவு மட்டும்தான் பேசி வைத்தது. எது வலி, எது நடிப்பு என்று பார்க்கிறவர்கள் தடுமாற வேண்டும். தடுமாறாமல் பிரித்துச் சொல்வதுதான் எனக்கும் எங்கள் அத்தானுக்கும் வேலை என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தத் தன்யாவின் வீட்டுக்காரருக்கு விசா வந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் கணவனை அழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். போன தடவை கேட்டபோது பேச்சை மாற்றினீர்கள். இந்தத் தடவை எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும்.

அன்புடன்,
ரெபேக்காள்


யான்பு
28 பிப்ரவரி 2025

என் பிரியமான ரெபேக்கு,

ஆறரையா? நீ நர்ஸ் இல்லையடி, கசாப்புக்காரி.

குரோகி கயிற்றைத் தொடாததுதான் அந்த ஆட்டமே. நாற்பது வயது. எதிரே இருபத்துமூன்று வயதுப் பையன். மூன்று புள்ளி கையில் இருப்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் அந்தப் பையன் முன்னால் கயிற்றுக்குக் கை நீட்டினால் அதற்குப் பிறகு மூன்று புள்ளி இருந்து என்ன பிரயோஜனம்? நீ மருத்துவம் பார்க்கிறாய், நான் மனிதனைப் பார்க்கிறேன். அதே காலால் உதைத்தது தப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என் மார்க் எட்டரை.

இதையெல்லாம் போனில் சொன்னால் நான் குறுக்கே விழுவேன் என்று நீதான் இந்தக் கடித விதியைப் போட்டாய். வீட்டு விஷயத்துக்குப் போன், குஸ்திக்கு மெயிலில் கடிதம். நல்ல விதிதான். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த இணையக் குழுவில் நான் எழுதிய முதல் விமர்சனத்துக்கு நீ போட்ட பதில் ஞாபகம் இருக்கிறதா? "தம்பி, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு எழுதுங்கள்." என்னைத் தம்பி என்று கூப்பிட்டவளைத்தான் தேடிப் பிடித்துக் கட்டினேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். வருகிற ஜூலையில் எனக்கு எங்கள் பிளான்ட்டின் டவர் வேலைக்கு சூப்பர்வைசர் பதவி. எங்கள் மேனேஜர் வாய்விட்டே சொல்லிவிட்டார். பதவி வந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள ஃபேமிலி ஸ்டேட்டஸ், கம்பெனி காலனியில் இரண்டு அறை வீடு, பக்கத்திலேயே கடல். மே மாதம் வருடாந்திர மெடிக்கல் ஃபிட்னஸ் ஒன்றுதான் பாக்கி. நான்கு வருஷம் பொறுத்தாய், இன்னும் நாலு மாதம் பொறு. உன்னையும் அக்ஸாவையும் என் விசாவில் இங்கே கொண்டுவருவேன். பெண்டாட்டி பெயர் அடித்த விசா கார்டைப் பையில் வைத்துக்கொண்டு ஈசா டவுனில் காய்கறி வாங்கித் திரிய என்னால் ஆகாது. கோபப்படாதே, உள்ளதைச் சொன்னேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. பெருநாள் லீவில் எங்கள் கேம்ப் ஹாலில் ஒரு ஆட்டம் வைக்கிறோம். நான் ஒருவன், எதிரே ஹசன் அலி. சாரம் கட்டுகிற பாகிஸ்தான் குஜ்ரன்வாலாக்காரன், நூற்றுப்பத்து கிலோ, சின்ன வயதில் மண் களத்தில் புரண்டவன். ஆளுக்கு ஐந்து புள்ளி, பதினைந்து நிமிடம், சுத்தமான ஜப்பான் முறை. முடிவு பேசியாகிவிட்டது, அவன் ஜெயிக்கிறான். ஒன்பதாம் நிமிடம் என் இடது குதிகாலைப் பிடித்து முட்டி முறுகுகிற மாதிரி திருகுவான், அதிலிருந்து நான் நொண்ட வேண்டும், பதின்மூன்றில் தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டிவிட வேண்டும். வீடியோ அனுப்புகிறேன். புருஷன் என்று இரக்கம் காட்டாமல் மார்க் போடு.

முத்தங்களுடன்,
ஜெகின்


ஈசா டவுன்
11 ஏப்ரல் 2025, வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ எடுத்த மகராசன் யார்? பாதி நேரம் எனக்கு யாரோ ஒருவரின் தலைதான் தெரிந்தது. அடுத்த தடவை உயரமான ஆளிடம் போனைக் கொடுங்கள்.

முதலில் குறைகள். உங்கள் வயிறு. நீங்கள் அணிந்திருந்த கறுப்பு நிக்கர் அதை மறைக்கவில்லை, எடுத்துக்காட்டியது. முதல் மூன்று நிமிடம் நீங்கள் கொடுத்த அறைகள் பவுடர் போடுகிற மாதிரி இருந்தன. ஹசன் அலி உங்களைத் தூக்கிப் போட்டபோது விழுவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஐந்தாம் நிமிடம் வரை நாலு மார்க்தான் மனதில் வைத்திருந்தேன். கணவனுக்கு நாலு போட்டால் எப்படி எழுதுவது என்று வார்த்தைகூட யோசித்து வைத்தேன்.

ஒன்பதாம் நிமிடத்துக்குப் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

குதிகாலைத் திருகினால் ஆடுகிற எல்லோரும் கத்துவார்கள், முட்டியைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அதை நூறு தடவை பார்த்துவிட்டோம். நீங்கள் கத்தவில்லை. முட்டியைத் தொடவே இல்லை. எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிராளியின் கண்ணைப் பார்த்தீர்கள். எடையை எல்லாம் வலது காலுக்கு மாற்றினீர்கள், அதையும் யாருக்கும் தெரியாமல் மாற்றினீர்கள். நிஜமாகவே அடிபட்டிருந்தால் கை தானாக அங்கே போயிருக்கும், போகவில்லை, எனவே நடிப்புதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன நடிப்பு. வலிக்கிறவனை எல்லோரும் நடிப்பார்கள். நீங்கள் வலியை மறைக்கிறவனை நடித்துவிட்டீர்கள். ஒசாகாவில் குரோகிக்கு வராதது யான்பு கேம்ப் ஹாலில் என் வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது.

அந்த நாலு நிமிடத்தை வார்டில் தன்யாவுக்கும் பிசியோதெரபி ராதிகாவுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் கைதட்டினார்கள். "சேச்சி, நெஜமாவே அடிபட்ட மாதிரி இருக்கே" என்றாள் தன்யா. அதுதான்டி இந்தக் கலை என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிக்கவில்லை.

மார்க் ஒன்பது. பத்து வருஷத்தில் நான் போட்ட மூன்றாவது ஒன்பது இது. ஒரு மார்க் வயிற்றுக்காகக் குறைத்தேன்.

உங்கள் விசிறி,
ரெபேக்காள்


யான்பு
25 ஏப்ரல் 2025

என் ரெபேக்கு,

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. பிளான்ட்டை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலை, ஈஸ்டர் அன்றும் டியூட்டி. அறையில் நாலு பேர் சேர்ந்து ஜெபம் பண்ணினோம், ஒருவன் கொழுக்கட்டை செய்கிறேன் என்று எதையோ செய்தான்.

உன் ஒன்பது மார்க்கை ஹசன் அலிக்கு இந்தியில் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவனுக்கும் தனியாக ஒரு மார்க் போட்டிருக்கலாம் நீ.

சரி, இந்த மாத ஆட்டம். ஹயாசே தோற்கிற அந்த நகோயா ஆட்டத்துக்கு என் மார்க் நாலு. ஆச்சரியப்படாதே. நாம் இருவரும் தலையில் தூக்கிவைத்த ஆள்தான், ஆனால் குதிகால் பூட்டை அவன் நடித்த விதம் பச்சைப் பொய். பூட்டு விழுந்த உடனே அலறுகிறான். அந்த நேரத்தில் வலியே இருக்காது. முதலில் ஒரு சத்தம், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி, அதுவும் காதில் கேட்காது, உடம்புக்குள்ளே கேட்கும். பிறகு முட்டியைச் சுற்றி ஒரு சூடு. அப்போது நன்றாக நடக்கலாம். வலி சாயங்காலம்தான் வரும். மூன்றாம் நாள் படி ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது காலுக்குக் கீழே தரை இல்லாமல் போகும். இரண்டு வாரம் கழித்து, படுக்கையில் புரண்டால் முட்டி மடங்கியபடியே நின்றுவிடும், கையால் பிடித்து ஆட்டி விட்டால்தான் நீளும். இது ஒன்றும் தெரியாமல் கத்திக் கூட்டத்தை ஏமாற்றுகிறான். கூட்டமும் கைதட்டுகிறது.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஏழு போட்டிருப்பேன். இப்போது பார்க்கிற கண் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்.

அக்ஸாவின் பல் விழுந்ததா?

உன்
ஜெகின்


ஈசா டவுன்
26 ஏப்ரல் 2025, சனி

ஜெகின் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் அனுப்பியதற்கு இன்றே பதில். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போனில் பேசினால் சமாளித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எந்தக் கால் என்று கேட்கவில்லை, தெரியும். எப்போது என்றும் தெரியும். எக்ஸ்ரே எடுத்தீர்களா, ஸ்கேன் எடுத்தீர்களா, யாரிடம் காட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த மூன்றாம் நாள் படி விஷயத்தை நான் படித்த எந்தப் பாடத்திலும் எழுதவில்லை. நோயாளிகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏறும்போது சரி, இறங்கும்போது தரை இல்லை என்று இதே வார்த்தையைச் சொல்வார்கள். முட்டி மடங்கி நின்றுவிடுவதையும், அதைக் கையால் ஆட்டி விடுவதையும் பட்டவன் தவிர எவனும் எழுத முடியாது. ஜப்பான்காரனை விமர்சனம் பண்ணுகிறேன் என்று உங்கள் கேஸ் ஷீட்டை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

வீடியோவை இன்று காலை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் நிமிடத்தில் ஹசன் அலி பூட்டைத் தானாகவே விட்டுவிடுகிறார். உங்கள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்கிறார். நீங்கள் தலையை ஆட்டி, வா என்று கையைக் காட்டுகிறீர்கள். போன தடவை அவர் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். நிறுத்திவிடலாமா என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

தினமும் எங்கள் வார்டுக்கு கேம்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வேலை போய்விடும் என்று பயந்து வலியை மறைக்கிறவர்கள். அவர்கள் அடிபட்ட இடத்தைத் தொடவே மாட்டார்கள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை சிஸ்டர் என்பார்கள். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். என் சொந்தக் கணவன் அதே மாதிரி நின்றபோது மார்க் போட்டேன். இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்துக் கைதட்ட வைத்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. என் புகழ்ச்சியைப் படித்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தீர்களே, உங்கள் மேல் அதைவிடக் கோபமாக இருக்கிறது.

ரெபேக்காள்


யான்பு
2 மே 2025

அன்புள்ள ரெபேக்கு,

ஆமாம். எல்லாம் நீ எழுதிய மாதிரிதான்.

ஹசன் அலி வேண்டுமென்று செய்யவில்லை. என் கால் விரிப்பின் விளிம்பில் மாட்டிக்கொண்டது, அவன் திருகினான், உடம்பு ஒரு பக்கம் போனது, முட்டி போகவில்லை. "கலாஸ் கர், பாய்", முடித்துவிடு அண்ணா, என்று கெஞ்சினான். நான்தான் விடவில்லை. இப்போது என் டூல் பேகை அவன்தான் தூக்கிக்கொண்டு வருகிறான். தினமும் மன்னிப்புக் கேட்கிறான்.

ஸ்கேன் எடுக்கவில்லை. கம்பெனி கிளினிக்குக்குப் போனால் ஃபைலில் ஏறிவிடும். வெளியே மாத்திரையும் முட்டி பெல்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். பெல்ட்டை பேன்ட்டுக்குள் போட்டால் தெரியாது. மே 20 மெடிக்கல். உட்கார்ந்து எழ வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். அறையில் தினமும் பழகுகிறேன்.

உனக்குச் சொல்லாதது தப்புதான். சொல்ல உட்கார்ந்த அன்றுதான் உன் கடிதம் வந்தது. ஒன்பது மார்க். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறு. பத்து வருஷமாக எவன் நடித்தாலும் கண்டுபிடிக்கிற ரெபேக்காளையே ஏமாற்றிவிட்டேன், ஐந்து நிமிடம் பார்க்கிற கம்பெனி டாக்டர் எம்மாத்திரம் என்று நினைத்தேன். உன் கடிதம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. இன்றும் கொடுக்கிறது.

இனி உன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் கேட்கிறேன். முட்டியைப் பிடித்து என்னென்ன செய்து பார்ப்பார்கள், எதில் முகம் சுளிக்கும், எதில் சமாளிக்கலாம் என்று நீ சொல்லித் தந்தால் நான் பாஸ். ஜூலையில் வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல். அதற்குப் பிறகு லீவில் ஊருக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன், சத்தியமாக. நர்ஸாகச் சொல்ல வேண்டாம். என் பெண்டாட்டியாகச் சொல்.

உன்
ஜெகின்


ஈசா டவுன்
4 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்லித் தர மாட்டேன்.

பெண்டாட்டியாகச் சொல் என்றீர்கள், சரி, பெண்டாட்டியாகவே சொல்கிறேன். உள்ளே ஏதோ கிழிந்து மடங்கிக் கிடக்கிறது, அதனால்தான் முட்டி நின்றுவிடுகிறது. இன்று படுக்கையில் நின்றது. நாளை சூப்பர்வைசர் ஆகி, நாற்பது மீட்டர் டவரில் ஏணியில் இறங்கும்போது நிற்கும். அப்போது ஒரு கையால் முட்டியை ஆட்டி விடுவீர்களா? கீழே உங்கள் ஆட்கள் நிற்பார்கள். உங்களை நம்பிச் சாரம் கட்டுகிற ஹசன் அலியும் நிற்பார். இப்படி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு என் வார்டுக்கு வருகிறவர்களிடம், இவருக்கு முன்னாலேயே வலி இருந்ததா என்றுதான் முதலில் கேட்பேன். தினமும் கேட்கிறேன்.

அந்த ஒன்பது மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது தப்பான மார்க். நான் ஏமாந்தது உங்கள் நடிப்பு நன்றாக இருந்ததால் இல்லை. என் புருஷனுக்கு அடிபடும் என்று நான் நினைக்கவே விரும்பவில்லை, அதனால் ஏமாந்தேன். கம்பெனி டாக்டருக்கு உங்கள் மேல் அந்தப் பிரியம் கிடையாது. அவர் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காவிட்டால் அது இன்னும் மோசம்.

வீடு, கடல், ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எப்போதாவது கடல் கேட்டேனா? நாம் இரண்டு பேரும் கடற்கரையில் பிறந்தவர்கள், பார்த்தது போதும். நான் கேட்டது ஆளை. அக்ஸா பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் போனுக்குள் உங்கள் முகத்தை வரைகிறாள். டீச்சர் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். நானும் சிரித்துவிட்டு வந்து பாத்ரூமில் அழுதேன். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன், இப்போது சொல்கிறேன்.

என் விசாவில் வருவது உங்களுக்கு அவமானமாக இருக்கிறது. நான்கு வருஷமாக அதைப் புரிந்துகொண்டு சும்மா இருந்தேன். அது என் தப்பு. என் பெயர் போட்ட கார்டு அவமானம் என்றால் என் பெயரில் என்ன குறை? உங்கள் பெயரை இத்தனை வருஷமாக என் பாஸ்போர்ட்டில் வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

உங்கள் பாஸ்போர்ட் காப்பியும் போட்டோவும் என்னிடம் இருக்கின்றன. ஃபாரம் நிரப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் சம்மதிக்காமல் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று. அந்த மெடிக்கலில் நடித்து ஜெயித்து வாங்குகிற வீட்டுக்கு நானும் அக்ஸாவும் வர மாட்டோம். மிரட்டவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உங்களிடமிருந்து மே 20-இல் என்ன நடந்தது என்று வருகிற வரை நான் எழுதப் போவதில்லை. போனில் அக்ஸாவோடு பேசுங்கள்.

ஐஸ் வையுங்கள், காலைத் தூக்கி வைத்துப் படுங்கள், படியில் இறங்கும்போது நல்ல காலை முன்னால் வைக்காதீர்கள்.

ரெபேக்காள்


யான்பு
23 மே 2025

என் ரெபேக்கு,

உட்கார்ந்து எழுந்தேன். ஒற்றைக் காலில் நின்றேன். இரண்டு மாடி ஏறி இறங்கினேன். நாலு வாரம் பழகியது வீண் போகவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. டாக்டர் பேப்பரில் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் படுக்கச் சொன்னார். மலையாளி, நம்மை விட வயது குறைவு. முட்டியை மடக்கிப் பிடித்து லேசாகத் திருகினார். "வேதனயுண்டோ?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, பேப்பரைப் பார்த்துத்தான் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

இரண்டு கையும் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தன. அக்ஸா வரைந்த படம் ஞாபகம் வந்தது என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் வரவில்லை. நான் களைத்துப்போயிருந்தேன் ரெபே, அவ்வளவுதான். ஐம்பது நாள் விடாமல் நடித்தாகிவிட்டது. எழுந்ததிலிருந்து படுக்கிற வரை, சாப்பாட்டு வரிசையில், பஸ்ஸில், ஹசன் அலி முன்னால்கூட. ஜப்பான்காரர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

"உண்டு டாக்டர்" என்றேன். "நல்லா உண்டு."

அவர் பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியினால் இல்லை. அவர் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார். அன்றே ஸ்கேன். நீ சொன்னதுதான், கிழிந்து மடங்கியிருக்கிறது. உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் பதவி வேறு ஆளுக்குப் போகிறது. எனக்கு ஸ்டோரில் உட்காருகிற வேலை தருகிறேன் என்றார் மேனேஜர், பழைய கிரேடிலேயே. நல்ல மனிதர், வருத்தப்பட்டார். வேண்டாம், ரிலீவ் பண்ணிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இனி உன்னிடம் பாதி சொல்லிப் பாதி வைக்க மாட்டேன். ஊரில் கேட்பார்கள், என்ன ஜெகின், பெண்டாட்டி விசாவில் இருக்கியாமே என்று. முதல் தடவை கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அங்கே வந்து என்ன வேலை தேடுவது என்றும் தெரியவில்லை. ஆனால் நீ என் மேல் கோபமாக இருந்த இந்த மூன்று வாரத்தை விட அது ஒன்றும் கஷ்டமாக இருக்காது. மூன்று வெள்ளிக்கிழமை உன் கடிதம் இல்லாமல் போனது. நான்காவது வெள்ளிக்கிழமை அப்படிப் போனால் தாங்க மாட்டேன்.

ஃபாரத்தைக் கொடுத்துவிடு.

உன்
ஜெகின்


ஈசா டவுன்
20 ஜூன் 2025, வெள்ளி

அன்புள்ள என் அத்தானுக்கு,

விசா வந்துவிட்டது. இதோடு அனுப்பியிருக்கிறேன், இரண்டு பிரின்ட் எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றைச் சட்டையிலும் வையுங்கள். ஸ்பான்சர் என்கிற இடத்தில் என் பெயர் இருக்கும். உறவு என்கிற இடத்தில் கணவர் என்று இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படியுங்கள், தனித்தனியாகப் படித்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஜூலை மூன்றாம் தேதி எங்கள் டாக்டர் முட்டியைத் திறந்து தைக்கிறார். அன்று எனக்கு லீவு இல்லை, டியூட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். தன்யாவின் வீட்டுக்காரர் மூன்று மாதம் தேடி ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறாராம். கறுப்பு நிக்கர் போட்ட ஆள் இவர்தானா என்று கேட்டார். வீடியோவை வார்டு முழுக்கக் காட்டியவள் நான்தான், திட்டுவதானால் வந்து திட்டுங்கள்.

விமானத்தில் உங்கள் பெயருக்கு வீல்சேர் கேட்டு வைத்திருக்கிறேன். ஜெட்டாவில் மாறும்போதும் வருவார்கள், இங்கே இறங்கும்போதும் வருவார்கள். அதில் உட்காருங்கள். ஊர்க்காரர் எவராவது பார்த்தால் பார்க்கட்டும். வேண்டாம் என்று எழுந்து நடந்து வந்தீர்களானால் கோபித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நினைக்காதீர்கள். ஓடி வந்து தாங்கிப் பிடிப்பேன், அப்புறம் எல்லோர் முன்னாலும் திட்டுவேன்.

அக்ஸாவிடம் நேற்றுதான் சொன்னேன். அப்பா வருகிறார், அப்பாவுக்குக் கால் வலிக்கிறது, அதனால் சக்கர நாற்காலியில் வருவார் என்று. நாம் இருவரும் குஸ்தியைப் பற்றியே பேசி வளர்த்த பிள்ளை அல்லவா, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஃபார் ரியல், மம்மி? நெஜமாவா, இல்ல சும்மாவா?" என்று கேட்டாள்.

நிஜம்தான் மக்களே, அப்பாவே வாய்திறந்து சொல்லிவிட்டார் என்றேன். அப்படியானால் நாற்காலியை அவள்தான் தள்ளுவாளாம்.

உங்கள்
ரெபே